மல்லிப்பொடிக்காரன் சொன்ன வார்த்தை

டிவியில் கீழே தமிழில் எழுத்து ஓடும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இஞ்ஞாசி பூசை முடிந்த கையோடு வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பார், இல்லையென்றால் திருச்செந்தூர்ப் பக்கம் ஒரு துஷ்டி வீட்டை உண்டாக்கி பஸ் ஏறியிருப்பார். இல்லாத ஊரில் இல்லாத ஆளைச் சாகடித்து, செத்தவனுக்கு ஒரு ஓட்டை வள்ளத்தையும் கட்டிக்கொடுக்காத பெண்பிள்ளைகளையும் சேர்த்துவிட்டு, கேட்கிறவர் கண்ணில் தண்ணீர் வரவைக்க அவருக்குக் கால் நிமிஷம் போதும். இப்போது எழுந்து போக வழியில்லை. சோபாவில் வலப்பக்கம் செலின், கட்டிய மனைவி, ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி முன்னால் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள், யாரோ அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிற மாதிரி முகத்தில் ஒரு பளபளப்பு. இடப்பக்கம் அவளுடைய அண்ணன் கித்தேரியான். இவன்தான் எங்கேயோ இணையத்தில் துழாவிப் பழைய சிங்கள நாடகத்தைப் பிடித்து, "மாப்ள, நம்ம மல்லிப்பொடி ஆப்ட்டுட்டான்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்திக்கொண்டு வந்து, போனையும் டிவியையும் முடிச்சுப் போட்டவன். நாற்காலியில் எதிர்வீட்டு ரெஜினாள் சித்தி, பல் போன வாயில் சிரிப்பை முன்பணமாக வைத்துக்கொண்டு. மேலே விசிறி டக் டக் என்கிறது. அடுக்களையில் சீலா மீன் குழம்பு கொதித்து அடங்கிய வாசம். டிவியில் முதலில் வெறும் புள்ளி, அப்புறம் கோணலாக ஒரு வீடு, ஒரு நாய், அப்புறம் அந்த இசை. அதைக் கேட்டதும் இஞ்ஞாசியின் முழங்கால் இரண்டும் தானாக மடங்கப் பார்த்தன, பதினாலு வயசில் போல தரையில் சம்மணம் போட்டு உட்கார. ஜிலேபி பிழிந்த மாதிரி சிங்கள எழுத்து வந்தது. அதற்குக் கீழே, கறுப்புப் பட்டையில், பச்சைத் தமிழில்: 'வீட்டுக்குக் கடைசித் தம்பி.' "ஏ மாப்ள, தம்பின்னுல்லா போட்டிருக்கு, மல்லிப்பொடிய எங்க?" என்றான் கித்தேரியான். "அதுக்கு ரெண்டு பேரு உண்டு மச்சான்," என்றது இஞ்ஞாசியின் வாய், "வீட்டுக்கு ஒண்ணு, யாவாரத்துக்கு ஒண்ணு."

வாய் அப்படித்தான். அது இஞ்ஞாசியைக் கேட்டுத் திறப்பதில்லை, அன்றைக்கும் கேட்கவில்லை. அன்றைக்கு என்றால் மெட்ராஸ் டிவி இந்தக் கரைக்கு எட்டாத காலம். வடக்கேயிருந்து ஒன்றும் வராது, கிழக்கே கடலைத் தாண்டி இலங்கை மட்டும் கண்ணாடி போலத் தெரியும். அப்பா கொழும்பில், புறக்கோட்டையில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். அவர் அனுப்பின ஜப்பான் டிவிதான் தெருவுக்கே ஒன்று. அதன் ஆன்டெனாவுக்கு நட்ட குழாயின் உயரம் இஞ்ஞாசி சொல்லச் சொல்ல வளர்ந்துகொண்டே வந்திருக்கிறது, உச்சிக்குப் பறக்கும் காக்கா பாதி வழியில் இளைப்பாற நடுவில் ஒரு கம்பி வைத்துக் கட்டினோம் என்று போன வருஷத் திருவிழாவில் சொன்னார், அடுத்த திருவிழாவுக்குள் அங்கே காக்காவுக்குத் தண்ணீரும் வைத்துவிடுவார். சாயங்காலமானால் தெரு முழுக்கக் கூடத்தில். படம் தெரியும், பேச்சு புரியாது. ரெஜினாள் சித்திக்கு அப்போது எல்லாப் பல்லும் இருந்தது, அவள்தான் திரும்பினாள்: "ஏல இஞ்ஞாசி, நீ கொழும்புல இருந்த பிள்ளதான, என்னல சொல்லுதான்?" இருந்தது உண்மை. நடக்கப் பழகும் வயசில் அம்மாவோடு போனது, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும் முன் திரும்பியது, மண்டையில் மிஞ்சியது ஒரு பிஸ்கட் வாசனையும் மழையில் நனைந்த சிவப்பு பஸ்ஸும். சிங்களம் ஒரு சொல் கிடையாது. தெரியாது என்றிருக்கலாம். ஆனால் கூடம் நிறைந்த ஜனம் ஒரே மூச்சில் திரும்பி முகத்தைப் பார்க்கும்போது தெரியாது என்று சொல்ல எந்தப் பையனுக்கு மனசு வரும், அதிலும் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு ஒருத்தி நிற்கும்போது. திரையில் ஒரு கிழவி அந்த ஒல்லி மீசைக்காரனைப் பார்த்து 'பொடி மல்லி' என்று கூப்பிட்டாள். எல்லார் காதிலும்தான் விழுந்தது. "மல்லிப்பொடி விக்கான்," என்றான் இஞ்ஞாசி. "வீடு வீடாப் போயி." கூடம் ஆ என்றது. அந்த ஆ இருக்கிறதே, அதை ஒரு தடவை கேட்டவன் அப்புறம் உண்மை பேசிப் பிழைக்க மாட்டான்.

இதோ, அதே கிழவி. அதே பொடி மல்லி. கீழே 'குட்டித் தம்பி, இங்கே வா.' குட்டி, பொடி, தம்பி, மல்லி. ஓகோ, அவ்வளவுதானா, இத்தனை வருஷமாக அந்தக் கிழவி வெறுமனே தம்பியைத்தான் கூப்பிட்டாளா, பையில் ஒரு சிட்டிகை மல்லிகூட இல்லாதவனுக்கா நாம் தெருத்தெருவாக யாவாரம் ஓட்டினோம் என்று இஞ்ஞாசிக்கு உள்ளே சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, வந்த வேகத்தில் அதை இருமலாக மாற்றிக்கொண்டார், ஏனென்றால் கித்தேரியான் எழுத்தை வாய்விட்டுப் படிக்கிறான். அவன் எதையும் வாய்விட்டுத்தான் படிப்பான், கல்லறையில்கூட. வழுக்கைத் தலைக்காரர் வந்துவிட்டார், எதற்கெடுத்தாலும் தலையாட்டி 'ஹரி ஹரி' என்பவர். அவரைப் பெரிய பக்திமான் என்று சொல்லிவைத்திருந்தது, சாமி பேரைச் சொல்லாமல் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார் என்று. "'சரி சரி'ன்னு போட்டிருக்கு," என்றான் கித்தேரியான். "சாமியாருல்லா மாப்ள அவரு?" "சாமியாரு சரின்னு சொல்லப்பிடாதா?" என்றாள் ரெஜினாள் சித்தி. அடுத்து தொப்பைக்காரன், நெஞ்சில் தட்டித் தட்டி 'மம, மம' என்கிறவன். தாய் தகப்பன் இல்லாதவன், காணாமல்போன தாய்மாமனைத் தேடி மாமா மாமா என்று ஊர் ஊராக அலைகிறான் என்று இஞ்ஞாசி அன்றைக்குச் சொன்ன சொல்லில் கூடமே மூக்கைச் சிந்தியது. ரெஜினாள் சித்தி அவனுக்காக அந்தோணியார் கோவிலில் மெழுகுவர்த்தி ஏற்றி நேர்ந்துகொண்டாள். 'நான்தான், எல்லாம் நான்தான்' என்கிறது பட்டை. வெறும் பீற்றல்காரன். "அடப்பாவி," என்றான் கித்தேரியான் மெதுவாக, மெதுவாக அவன் எதையும் சொன்னதே கிடையாது, "இதுல மாமாவையே காணோமே." "அதத்தானல அவனும் சொல்லுதான், மாமாவக் காணோம்னு!" என்றாள் சித்தி. "எழுதுன பய அரைகுறை. சின்னப் பிள்ளைக யாராவது இருக்கும். இஞ்ஞாசி சொன்னதுதான் சரி." செலின் கை துடைப்பதை நிறுத்தினாள். அது இஞ்ஞாசியின் வலது தோளில் ஈரத்துணி போட்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்க்கலாம். வேண்டாம். விசிறி டக் டக்.

தொப்பைக்காரன் போனால் போகிறான், வழுக்கை போனால் போகிறது, மல்லிப்பொடிக் கடையை இழுத்து மூடினாலும் நஷ்டமில்லை. வரப்போகிற ஒன்று இருக்கிறது. இந்த அத்தியாயமேதான், நாய் ஓடினதும் தெரிந்துவிட்டது, நாய், கிழவி, வழுக்கை, தொப்பை, அப்புறம் அந்தப் பெண் வருவாள், வாசலில் நிற்பாள், மீசைக்காரன் உள்ளேயிருந்து சொல்வான். அந்த வார்த்தை. செலின் இந்த நாற்பது வருஷத்துக்கு மேலாகச் சேலை மடிப்பில் முடிந்து வைத்திருக்கிற வார்த்தை. கல்யாணம் ஆன புதிதில், இஞ்ஞாசி தூத்துக்குடியிலிருந்து அல்வா வாங்கி வந்த அன்று, தின்றுகொண்டே சொன்னாள், "எல்லாஞ் சரி, அந்த மல்லிப்பொடிக்காரன் சொன்ன மாதிரி ஒரு வார்த்த ஒங்களுக்குச் சொல்ல வருமா?" பெரியவள் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்னாள். சண்டையிலெல்லாம் சொன்னாள்: "ஊருக்குக் கத விடுதீங்க, பொண்டாட்டிக்கு ஒரு வார்த்த கெடையாது, அவன் மனுசன், அவன் கால்தூசி பெறமாட்டீங்க." இல்லாத ஊரில் இல்லாத ஆளைச் சாகடிக்கத் தெரிந்த இஞ்ஞாசிக்கு அப்போதெல்லாம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். என்ன சொல்ல? அதையே திரும்பச் சொன்னால் அவன் சொன்னதைக் காப்பி அடிக்கிறீங்களா என்பாள். வேறு ஒன்று சொல்லலாமென்றால் அதைவிட நல்லதாக ஒன்று வரவேயில்லை, பதினாலு வயசில் வந்ததோடு சரி. ஒல்லியான ஒரு மீசைக்காரனோடு, கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனோடு, இருக்கிறானோ செத்தானோ தெரியாதவனோடு, ஒரு மனுஷன் எத்தனை வருஷம் மல்லுக்கட்டுவது, அதுவும் தன்னுடைய வார்த்தையையே அவன் கையில் கொடுத்துவிட்டு. அது என் வார்த்தைட்டி என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருந்தால் தீர்ந்தது. சொல்ல முடியாது. ஏன் முடியாது என்றால் அப்பா. அப்பா அன்றைக்குச் சொன்ன அந்த ஒற்றைச் சொல்.

அப்பாவிடம் வந்தால் நினைப்பு எப்போதும் சாவிக்கொத்தில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். அந்த வருஷம் ஜூலையில் கொழும்பில் தமிழர் கடைகளைத் தேடித் தேடி எரித்தார்கள். அப்பா கப்பலில் வந்து இறங்கியபோது கையில் ஒரு பையும் கடைச் சாவியும் இருந்தன. கடை இல்லை, சாவி இருந்தது. கூடத்துக் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து அதை விரலில் கோத்துச் சுற்றுவார், கிலிங் கிலிங், பேச்சு கிடையாது. தெருவுக்குக் கோபம் வந்து கித்தேரியானைக் குழாயில் ஏற்றி ஆன்டெனாக் கொம்பை வடக்கே திருப்பிவிட்டார்கள். டிவியில் வெறும் மணல் கொட்டியது. அதையும் சில பேர் கொஞ்ச நாள் வந்து பார்த்தார்கள், என்னமோ தெரியும் என்று. பிறகு ஒரு சாயங்காலம் ரெஜினாள் சித்தி வாசலில் நின்று, உள்ளே வராமல், அப்பாவைப் பார்க்காமல், தூணிடம் சொல்வதுபோலச் சொன்னாள், "கடைய எரிச்சது மல்லிப்பொடி இல்லியே." கிலிங் நின்றது. அப்பா சாவியை விரலிலிருந்து கழற்றினார். "திருப்பச் சொல்லுங்க," என்றார். அன்றைக்குத் தெரு நிரம்பியது, இஞ்ஞாசி மட்டும் நழுவப் பார்த்தான், ஏனென்றால் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறவர் அரை ஆயுசைச் சிங்களத்தில் பேரம் பேசிக் கழித்தவர், ஒவ்வொரு சொல்லும் அவருக்குத் தெரியும், ஒரு செருமல் செருமினால் போதும், மகன் மானம் கடலோடு போய்விடும். நாய் வந்தது, கிழவி வந்தாள், இஞ்ஞாசி அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்துச் சொன்னான், அப்பா அசையவில்லை. அப்புறம் அந்தப் பெண் கண்ணைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். இங்கே, இந்த வாசலில், செலின். பின்னாலிருந்து யாரோ, "ஏட்டி, வாசல மறைக்காத, வெளிச்சம் வரல," என்று அதட்ட, அவள் முகம் சுருங்கித் திரும்பிப் போகக் காலை எடுத்தாள். அதே நேரம் மீசைக்காரன் வாயைத் திறந்தான், கண்ணா என்ன, கண்ணா என்ன, என்று தெளிவாக, இரண்டு தடவை, தமிழே பேசினது போல. இஞ்ஞாசி திரையைப் பார்க்கவில்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: "'கண்ணா, என்ன? நீ வாசல்ல நின்னா வெளிச்சம் மறையல. நீ போனாத்தான் மறையுது'ன்னு சொல்லுதான்." செலின் எடுத்த காலைத் திரும்ப வைத்தாள். ரெஜினாள் சித்தி மெல்லத் திரும்பி, "அண்ணாச்சி, அப்படியா சொல்லுதான்?" என்று கேட்டாள். அப்பா மகனைப் பார்த்தார், மகன் பார்த்த பக்கம் பார்த்தார், வந்து இறங்கின நாளிலிருந்து முதல் தடவையாக உதட்டோரம் என்னவோ அசைந்தது. "அப்படியேதான்," என்றார். "ஒரு எழுத்து பிசகல." அப்படியேதான். அப்படியேதான். அந்தச் சொல்லின் மேல் இத்தனை வருஷம் இஞ்ஞாசி ஏறி உட்கார்ந்திருக்கிறார், இறங்க முடியாமல். அது என் வார்த்தை என்று சொன்னால் அப்பா பொய்யர். அப்பா இப்போது கல்லறையில், மாலையோடு, மறுத்துப் பேச வாயில்லாமல்.

நாய் குரைக்கிறது. திரையில் அந்தப் பெண் வந்துவிட்டாள். இப்போது பார்த்தால் சின்னப் பெண், மூக்கு ஒழுகுகிற மாதிரி அழுகிறாள், அன்றைக்கு இவள் எப்படி அவ்வளவு பெரிய கதாநாயகியாகத் தெரிந்தாள், கறுப்பு வெள்ளையில் எல்லாருமே கொஞ்சம் உயரம் போலிருக்கிறது. கரண்ட் போகக் கூடாதா, ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனை தடவை போயிருக்கிறது, போகவேண்டிய நேரத்தில் அது ஊழியம் பார்க்கிறது. மீசைக்காரன் அவளை 'நங்கி' என்று கூப்பிட்டான். நங்கை, அவள் பேர் நங்கை என்று ஊருக்கே சொன்னது. கித்தேரியான் படித்தான், "'தங்கச்சி'." நிறுத்தினான். திரும்பப் படித்தான். "தங்கச்சியா?" ரெஜினாள் சித்தி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டாள். "மாதாவே! அண்ணன் தங்கச்சியா ரெண்டும்? இவ்வளவு நாளும் ரெண்டுக்கும் கல்யாணம் ஆவணும்னுல்லா செபம் பண்ணுனேன்!" இஞ்ஞாசியின் காதில் கடல் இரைந்தது. கண்ணா என்ன, என்றான் மீசைக்காரன். அதே குரல், அதே மெதுவு. கண்ணா என்ன. கறுப்புப் பட்டையில், ஒரு குண்டூசி அளவு இரக்கம் இல்லாமல், வெள்ளையாக வந்து நின்றது: 'சாப்பிட வா. சோறு ஆறுது.'

கித்தேரியானுக்குப் படிக்கவே தேவைப்படவில்லை. "சாப்பிட வாவா?" என்று எழுந்து நின்றுவிட்டான், எழுந்தவன் ரிமோட்டை அமுக்கிப் படத்தை அப்படியே நிறுத்தினான், எழுத்து அழியாமல் திரையில் நின்றது, சோறு ஆறுது. "மாப்ள, இதுல வெளிச்சத்த எங்க? வாசல எங்க? சோறுல்லா இருக்கு!" "எழுத்து தப்பு," என்றாள் சித்தி, ஆனால் குரலில் பழைய திடம் இல்லை, "அண்ணாச்சியே சரின்னு சொன்னாவளே, ஒரு எழுத்து பிசகலன்னு." "அதத்தான் நானும் கேக்கேன். மாமா, ஒங்கப்பா, பொய் சொல்லுத ஆளா? பெறகு இந்த வார்த்த எங்கேந்துல வந்துச்சி? அவன் சொல்லல. மாமாவும் சொல்லல. அப்ப யாரு சொன்னா?" கேட்டுவிட்டு அவனே தன் கேள்வியின் மேல் இடறி விழுந்த மாதிரி நின்றான், வாய் திறந்தபடி. யாரு சொன்னா. விசிறி அதையே சுற்றியது, யாரு, யாரு. இஞ்ஞாசி தன் முழங்காலைப் பார்த்தார். இது கவிழ்கிற நேரம், தெரிகிறது, தண்ணீர் ஏறிவிட்டது. ஆனால் பயத்துக்கு அடியில், எங்கேயோ சின்னதாக என்னவோ குதிக்கிறதே, அது என்ன, கட்டுமரம் அலையின் உச்சியில் ஏறும்போது குதிக்குமே அது. அவன் சொல்லவில்லை. அந்த மீசைக்காரன், அந்த அழகன், நாற்பது வருஷம் என் வீட்டில் வாடகை கொடுக்காமல் குடியிருந்தவன், அவன் தங்கச்சியைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறான். அவ்வளவுதான் அவன் சரக்கு. போட்டிக்கு ஆளே இல்லாத பந்தயத்தில் நான் தோற்றுத் தோற்று ஓடியிருக்கிறேன். அப்புறம் அப்பா. அப்பா, ஒரு எழுத்து பிசகல என்றீர்களே, நீங்கள் மீசைக்காரனையா சொன்னீர்கள்? மகன் பார்த்த பக்கம் பார்த்துவிட்டுத்தானே சொன்னீர்கள். கேட்டது ரெஜினாள் சித்தி. ஆனால் நீங்கள் பதில் சொன்னது எனக்கு. ஐயோ, எத்தனை வருஷம் பிடித்திருக்கிறது எனக்கு இதை மொழிபெயர்க்க.

சோபா லேசானது. செலின் எழுந்துவிட்டாள். அடுக்களைப் பக்கம் போவாள் என்று பார்த்தால் வாசல் பக்கம் போனாள். வீட்டை இடித்துக் கட்டியாகிவிட்டது, நிலை மட்டும் பழைய நிலை. அதில் போய்ச் சாய்ந்து நின்றாள், தோளை அதே இடத்தில் கொடுத்து. முழங்கால் வலிக்காரி, நிற்கிற நிற்பில் ஒரு சாய்வு. வெளியே உச்சி வெயில், கடல் மினுக்கல், எல்லாம் அவளுக்குப் பின்னால் போய்க் கூடம் சட்டென்று இருண்டது. "ஏட்டி, வாசல மறைக்காத, வெளிச்சம்..." என்று பழக்கத்தில் ஆரம்பித்த கித்தேரியான் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டான். "மறைக்கனா?" என்று கேட்டாள் செலின். அண்ணனைக் கேட்கவில்லை. இஞ்ஞாசியின் வாய், கேட்காமல் திறந்தே பழகிய வாய், வாழ்க்கையில் முதல் தடவையாகத் திறக்கட்டுமா என்று அவரிடம் கேட்டுக்கொண்டு நின்றது. "நின்னா மறையல," என்றார். அவருக்கே கேட்காத குரல். செருமிக்கொண்டு, தெருவுக்குக் கேட்கட்டும் என்று, திருவிழாக் குரலில் சொன்னார்: "நீ போனாத்தான்ட்டி மறையுது!" "அட, களவாணிப் பயலே!" என்று கித்தேரியான் தொடையில் அடித்துக்கொண்டு சோபாவில் விழுந்தான். "நாந்தான் அப்பவே சொன்னனே," என்றாள் ரெஜினாள் சித்தி, எதை என்று சொல்லாமல், கண்ணைத் துடைத்துக்கொண்டு. செலின் முகம் இருட்டில் தெரியவில்லை, மூக்குத்தி மட்டும் தெரிந்தது. "இத்தன வருசம்," என்றாள், "இத்தன வருசம் அந்த மீசக்காரன நெனச்சி நெனச்சில்லா மீன் கழுவியிருக்கேன். பாவி மனுசா. ஒங்கப்பாவும் கூட்டு." திட்டுகிறாள். ஆகா, எப்பேர்ப்பட்ட திட்டு, அலையிலிருந்து கட்டுமரத்தைக் கரையில் இழுத்துப் போட்ட மாதிரி. டிவியில் மீசைக்காரன் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறான், காலடியில் தன் ஒரே வார்த்தையோடு. அடுத்த திருவிழாவுக்கு இவனை என்னவெல்லாம் செய்யலாம், இந்த எழுத்தைப் போட்டவரே தப்பு தெரிந்து நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார் என்று ஆரம்பிக்கலாம், கப்பலில் வந்தார், யானையோடு. செலின் நிலையை விட்டு நகர்ந்தாள், வெயில் கூடத்துக்குள் கொட்டியது, அவள் அடுக்களைக்குப் போகிற போக்கில், நின்றுகூடச் சொல்லவில்லை, ஒவ்வொரு நாளும் மத்தியானம் சொல்கிற அதே குரலில், திரையில் நிற்கிற அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனாள்: "சாப்பிட வாங்க. சோறு ஆறுது." அவள் காலடியில் கறுப்புப் பட்டை எதுவும் ஓடவில்லை. இஞ்ஞாசி வேட்டியை இறுக்கிக்கொண்டு எழுந்தார், அந்தோணியார் தேர் கிளம்புகிற மாதிரி. பட்டை எதற்கு, அவருக்குத்தான் மொழிபெயர்க்கத் தெரியுமே.